நெல்மணிக் கணக்கு: 18446744073709551615-இன் காரணிகள்

மயிலாப்பூர் ஆசிரியை:
வணக்கம். எட்டாம் வகுப்பில், சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பும் பழைய கணக்கைச் சொன்னேன். (மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்த பிறகு, சதுரங்கம் என்றாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.) மொத்தம் 18446744073709551615 என்றேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்த ஒரு மாணவி, விடை 18446744073709600000 என்றும், ஆகவே அது 100-ஆல் வகுபடும் என்றும் வாதிடுகிறாள். எது சரி என்று காகிதத்திலேயே காட்ட முடியுமா? பகாக் காரணிகளையும் கையால் காண வழி உண்டா?

பெரம்பூர் வாசகர்:
அம்மா, முதல் கட்டத்தில் மட்டுமே ஒற்றைப்படை. மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை. எனவே மொத்தம் ஒற்றைப்படைதான், 100-ஆல் வகுபட வாய்ப்பே இல்லை. ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டு எஞ்சிய இடங்களில் சுழியைப் போட்டுவிடும்.

காரணிகளுக்கு, இந்த எண் 2⁶⁴ − 1 என்பதே பிடி. a² − b² சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று பிரியும். ஆறும் பகா எண்கள். ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுத்திகள் 2⁶, அதாவது 64.

தரமணி மாணவர்:
ஐயா, கடைசி எண்ணில் ஒரு திருத்தம். 2³² + 1 ஆகிய 4294967297 பகா எண் என்றுதான் கணித மேதை ஃபெர்மாவும் நம்பினார். அந்தக் கருத்தைக் கணிதர் கோல்ட்பாக் 1729-இல் (ராமானுஜனால் நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காத எண்) இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதத்தில் எழுத, 1732-இல் ஆய்லர் அதை 641 வகுக்கும் என்று காட்டினார்.

641-ஐத் தேடி அலைய வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கை விட ஒன்று கூடுதலாக இருக்கும் என்று பின்னாளில் நிறுவப்பட்டது. அந்த வடிவில் முதல் பகா எண் 257. அதனால் வகுத்தால் 2 மீதி. அடுத்ததே 641. ஆக, வெவ்வேறான ஏழு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

பெரம்பூர் வாசகர்:
ஒப்புக்கொள்கிறேன். 65537 வரை பகா எண்ணாக வந்ததால் அடுத்ததும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

மயிலாப்பூர் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. கரும்பலகையில் 641-ஆல் வகுத்தோம். இரண்டாம் படியில் 4489 வந்து 2 மீந்தது. கடைசிப் படியில் 4487 வந்து, ஏழு தடவையில் மீதியின்றித் தீர்ந்தது. ஈவு 6700417. அதுவும் பகா எண்தானா என்று அதே மாணவி விடாமல் கேட்கிறாள்.

தரமணி மாணவர்:
ஆம். அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குவதால், மேற்சொன்ன வடிவில் 641, 769, 1153, 1409 ஆகிய நான்கை மட்டும் சோதித்தால் போதும். மீதிகள் முறையே 44, 120, 334, 622.