வீட்டு முருகைத் தொட்டி உண்மையில் எப்படி இருக்கும்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி

போன கிழமை வீட்டுக்கு வந்த ஒரு தம்பி என் முருகைத் தொட்டியை, அதுதான் பவளமும் கடல் மீனும் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டியை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வீடியோவில வாறது போல இல்லையே அண்ணன்” என்றார். பிழை அவரில் இல்லை. வீடியோவில் வருவது எட்டடித் தொட்டி, அதைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள். வேலை முடிந்து வந்து ஒரு ஆள் தனியாகப் பார்த்துக்கொள்கிற முருகைத் தொட்டி எப்படி இருக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். வைத்திருக்கிறவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

நீளம் மூன்றடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குக்கு 180 லீட்டர், கல்லும் மணலும் போக 150 லீட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு குவியலாகக் கல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல். பவளம் என்று பார்த்தால் கல் எலும்பு இல்லாத மென்மையான வகைகள்தான்: காளான் பவளம் ஏழெட்டு, சொவாந்தஸ் என்கிற பொத்தான் பவளம் ஒரு கொத்து, தோல் பவளம் ஒன்று. மீன் நாலே நாலு, அதில் இரண்டு கோமாளி மீன். கோமாளி மீன் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், சோடியில் பெரியது பெண்ணாக மாறும். நான் வாங்கும்போது இரண்டும் ஒரே அளவு, ஒரு வருடத்தில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இப்போது சின்னது அதற்கு முன்னால் வந்தால் உடம்பை நடுக்கி நடுக்கிப் பணிந்துதான் போகும், அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் சாப்பாடு ஆறியிருக்கிறது. கண்ணாடியின் மேல் விளிம்பில் எப்போதும் வெள்ளையாக உப்புப் பொருக்கு. பின் கண்ணாடியில் பச்சைப் பாசி, அதை நான் சுரண்டுவதில்லை, நத்தைகளுக்கு விட்டிருக்கிறேன்.

மேலே தெரிவது பாதி. கீழே அலுமாரிக் கதவைத் திறந்தால்தான் மற்றப் பாதி: மேலிருந்து தண்ணீர் வடிந்து வருகிற சின்னத் தொட்டி ஒன்று, அதற்குள் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிற பம்ப், பக்கத்தில் ஸ்கிம்மர், வயர் எட்டு. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் வயர் வழியே உப்புத் தண்ணீர் வடிந்து நேரே பிளக்குக்குப் போகும். ஸ்கிம்மர் தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி விடும், மீன் கழிவும் மிஞ்சின சாப்பாடும் அந்தக் குமிழியில் ஒட்டி மேலே ஏறிக் கோப்பையில் வடியும். மூன்று நாளைக்கு ஒருக்கால் அந்தக் கோப்பையைக் கழுவுவேன். நிறம் கடுஞ்சாயப் பிளேன்டீ, மணம் கருவாட்டு வாடிக்குள் நிற்கிற மாதிரி. மணம் வருகுதென்றால் அவ்வளவு அழுக்கும் தொட்டிக்குள் இல்லை என்று அர்த்தம்.

முதல் மாதமே பட்ட பாடு ஒன்று. பம்பிலிருந்து மேலே வருகிற குழாயின் வாயை நாலு அங்குலம் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தேன், அழகாகத் தெரியட்டும் என்று. இரவு கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அதே குழாய் வழியே தண்ணீர் கீழே இழுபட்டு, குழாய் வாய் வெளியே தெரியும் வரை ஏறத்தாழ 40 லீட்டர் கீழ்த் தொட்டிக்கு வந்துவிட்டது. கீழ்த் தொட்டியில் மிச்சம் இருந்த இடமோ 15 லீட்டர். விடிய அம்மா எழும்பிக் கால் வைத்தது உப்புத் தண்ணீரில். இப்போது குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்னத் துளை ஒன்று போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் மட்டம் கொஞ்சம் இறங்கும், துளையால் காற்றுப் புகும், இழுவை அறுந்துவிடும். அவ்வளவுதான் வேலை, ஆனால் யாரும் முன்னமே சொல்லவில்லை.

எல்லாரும் கேட்கிற கேள்வி, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க ஏன் உப்பு வாங்கிக் கரைக்கிறாய் என்பது. நானும் கடல் தண்ணீர்தான் அள்ளினேன். ஒரு மார்கழியில், மழை வெள்ளம் வடிய வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு, கரையில் நின்று நாலு கான் அள்ளி வந்து அளக்காமல் ஊற்றிவிட்டேன். அந்த நேரம் வாவித் தண்ணீர் எல்லாம் கடலுக்குத்தானே போகிறது. மிச்சத்தை அளந்தபோது அடர்த்தி 1.018, இருக்க வேண்டியது 1.025. நத்தைகள் இரண்டு நாளில் போய்விட்டன, தோல் பவளம் ஒரு கிழமை சுருங்கியே கிடந்தது. இப்போது மாரியில் உப்புத்தான், லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். கோடையில் தெரிந்த படகுக்காரர் தூரத்திலிருந்து கொண்டுவந்து தருவார்.

கச்சான், அதுதான் மேற்கிலிருந்து வீசுகிற கோடை வெக்கைக் காற்று, இன்னொரு சோதனை. இங்கே ஹீற்றர் தேவையே இல்லை, சூட்டைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும். 26, 27 பாகையில் நிற்க வேண்டிய தண்ணீர் பின்னேரம் 32 ஆகும். மேலே இரண்டு மின்விசிறி பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் நாளைக்கு நாலு லீட்டர் ஆவியாகும். அதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும்.

சாய்ந்தமருது

கல்லடி அண்ணன், அந்தக் குழாய்த் துளையை இன்றைக்கே போடுகிறேன்.

என்னுடையது சின்னது, 60 லீட்டர். தொடங்கினபோது ஒரு கோபி மீனும் ஒரு சொடக்கு இறாலும்தான். இரண்டும் ஒரே பொந்தில் இருக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, நாள் முழுக்க மணலைத் தள்ளித் தள்ளிப் பொந்தைத் துப்புரவாக்கும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசை மீனின் உடம்பில் தொட்டபடி இருக்கும், மீன் வாலைச் சட்டென்று ஒரு அசைப்பு அசைத்தால் இறால் உடனே உள்ளே. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சுபஹுக்கு எழும்பின உம்மா ‘டக்’ என்ற சத்தம் கேட்டு, கண்ணாடி வெடித்துவிட்டது என்று ஓடி வந்து என்னை எழுப்பினார். இறால் கொடுக்கைச் சொடுக்கின சத்தம் அது, அதால் எழும்புகிற குமிழி உடைகிறபோதுதான் அவ்வளவு சத்தம். பிறகு உம்மாவும் பின்னேரத்தில் கதிரை போட்டு உட்காரத் தொடங்கினார்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம்தான் கோபி போனது. இரவு வெட்டு, வெக்கை, பம்ப் ஓடவில்லை. தண்ணீர் அசைந்தால்தான் மேலே காற்றுக் கலக்கும், சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகத்தான் பிடித்து வைத்திருக்கும், இரண்டும் சேர்ந்து வந்தால் சின்னத் தொட்டி தாங்காது. நான் கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்து விடியற்புறம் நித்திரையாகிவிட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் அந்த இறால் பொந்தை விட்டு வரவில்லை. மீசை மட்டும் வாசலில் தெரியும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவிக்கொண்டு. அது இப்போதும் எனக்கு மறக்கவில்லை.

தொடங்கப் போகிறவர்கள் வெளிச்சத்துக்குக் காசு போடுமுன் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். அப்புறம் மற்றதெல்லாம்.

வாழைச்சேனை

தம்பி, வாசிக்கவே கவலையாக இருக்கிறது.

நான் வேறு விஷயம் சொல்ல வந்தேன். எங்கள் அம்மப்பா சுண்ணாம்புச் சூளைக்கு முருகைக்கல் உடைத்தவர். அந்தக் காலத்தில் அது ஒரு தொழில், ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர் அந்தக் கல்லில்தான் நிற்கிறது. 1998 இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது அவர் சொன்னது, “நாங்க உடைச்சது கொஞ்சம், இது ஒரேயடியாப் போச்சு” என்று. பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது, அதுதான் பவளத்துக்கு நிறமும் பெரும்பங்கு சாப்பாடும். தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒன்றிரண்டு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். கச்சானில் கல்லடி அண்ணன் தொட்டிக்குப் பயப்படுவதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆகவே கடலில் இருந்து கல்லோ பவளமோ தொட்டிக்கு எடுக்க வேண்டாம். கல் பவளத்தை எடுப்பது சட்டப்படியும் குற்றம். காயான்கேணிப் பாறையை 2019 இல் கடல்சார் சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள், பார்க்க ஆசை என்றால் அலை இல்லாத மாதங்களில் அங்கே போய்க் கண்ணாடி போட்டு மிதந்து பாருங்கள். தொட்டிக்கு, ஏற்கனவே வளர்க்கிறவரிடம் ஒரு துண்டு கேளுங்கள். காளான் பவளம் வெட்டினால் இரண்டும் வளரும்.

இன்னொன்று, சொவாந்தஸ் வைத்திருக்கிறவர்கள் கையுறை போடாமல் வெட்டக் கூடாது, அது ஒட்டின கல்லைக் கழுவ என்று அவிக்கவே கூடாது. அதில் கடும் நஞ்சு இருக்கலாம், ஆவியை மூச்சில் எடுத்தாலே ஆஸ்பத்திரிதான்.

கல்லடி

நன்றி அக்கா, கையுறை விஷயம் எனக்குப் புதிது. நான் வெறுங்கையால்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், இனி இல்லை.

எத்தனை நாளில் மீன் விடலாம் என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஆறு கிழமை எடுத்தது. வெறும் காய்ந்த கல், மணல், உப்புத் தண்ணீர், ஓடுகிற பம்ப். அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா கல்லில் குடியேறும் வரை காத்திருக்க வேண்டும், முதல் இரண்டும் ஏறி, பிறகு இறங்கி அளவையில் பூச்சியம் காட்டினால்தான் முதல் மீன். சரி, அதோடு முடியாது. பிறகு எல்லாம் மண்ணிறமாகப் பாசி படியும், அது போனால் பச்சை மயிர்ப்பாசி. வந்தவர்கள் எல்லாரும் தொட்டி பழுதாகிவிட்டது என்றார்கள். ஏழாம் மாதம், பம்புக்குப் பக்கத்துக் கல்லில், மைசூர்ப் பருப்பு அளவில் ஊதா நிறப் புள்ளி ஒன்று கண்டேன். சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கல்லோடு கல்லாகப் படர்கிற சுண்ணாம்புப் பாசி. அந்தக் கல் இப்போது முக்கால்வாசி ஊதா.