விட்டக் கணக்குக்கு ஸ்டாக் வினா: உதவி தேவை

வணக்கம். டர்பனில் முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கு நிலையியல் எடுக்கிறேன், பணிக்குப் புதிது. மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஸ்டாக் வினா (மாணவர் இடும் கணித விடையைக் கணினியே திருத்தும் வினா வகை) அமைத்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

கணக்கு இது: 6 மீட்டர் நீள விட்டம் (பீம்), இரு முனைகளிலும் தாங்கி. இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. இடது எதிர்விசை 8, வலது 4, பெரும வளைவுத் திருப்புத்திறன் (சுமை விட்டத்தை வளைக்கும் விளைவின் அளவு) 16 கிலோநியூட்டன் மீட்டர். ஒருவர் இடது எதிர்விசையை 6 என்று பிழையாக எடுத்து, திருப்புத்திறனை 12 என்று போட்டால் இரண்டாம் படியின் முறை சரிதானே? கையால் திருத்தும்போது கொடுக்கிற அந்த மதிப்பெண்ணைக் கணினி பறிக்கக் கூடாது.

அதனால் மதிப்பீட்டு மரத்தின் (விடையைப் படிப்படியாகச் சோதிக்கும் அமைப்பு) முதல் கணு, அதாவது முதல் சோதனை, திருப்புத்திறன் விடை 16-ஆ என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அடுத்த கணு, மாணவர் முதல் பெட்டியில் இடது எதிர்விசையாக இட்ட எண்ணின் இருமடங்கை (தூரம் 2 மீட்டர் என்பதால்) அவருடைய திருப்புத்திறன் விடையோடு 2 சதவீத விலக்கத்துடன் ஒப்பிடுகிறது. சிக்கல், முதல் பெட்டி காலியாக இருந்தால் மரமே ஓடுவதில்லை. அது பயன்படுத்தும் எல்லாப் பெட்டியும் செல்லுபடியாக வேண்டும். காலி விடையை அனுமதித்தால் ஓடும், ஆனால் எண் இல்லாததால் இரண்டாம் கணு தடுமாறுகிறது. இரண்டு மூன்று சுமை வந்தால் கணுக்கள் பெருகிவிடும். பின்னூட்ட மாறிகளிலேயே (மரம் ஓடுமுன் கணக்கிடப்படுபவை) நிபந்தனை எழுதி இதைச் சமாளித்தவர்கள் குறியீட்டைப் பகிர முடியுமா?

இன்னொன்று: இங்கே பள்ளியில் தசமத்துக்குக் காற்புள்ளி பழக்கம். 7,5 என்று தட்டினால் புள்ளியை எதிர்பார்க்கும் வினா அதை ஏற்பதில்லை. வினாவின் மேலேயே அறிவிப்பு வைத்திருக்கிறேன். வேறு நல்ல வழி இருந்தால் அதையும் எழுதுங்கள்.