டிசிடி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்), டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியா சக்தியைக் கடத்துற ஆட்டோமேட்டிக்), மேனுவல்: மலையில மாட்டின அனுபவம் இருந்தா எழுதுங்க

வளைவு_34:
கொல்லிமலை, காரவள்ளி தாண்டி 34வது கொண்டை ஊசி. நம்மது 7 கியர் உலர் கிளட்ச் டிசிடி. மேல பஸ் திரும்புது, கீழ எல்லா வண்டியும் ஏத்தத்துல நிக்குது, அடிக்கடி ஒரு முழம் நகருது. திடீர்னு டேஷ்ல செவப்பு: கியர்பாக்ஸ் சூடு, வண்டியை நிறுத்தவும். பின்சீட்ல அம்மா அர்ச்சனைப் பையை மடியில வெச்சுக்கிட்டு, "என்னடா கருகுது?"ங்கறாங்க. 20 நிமிஷம் ஓரத்துல நின்னோம். ஆள் பிதுங்குற பழைய ஜீப் ஒண்ணு எங்களைத் தாண்டும்போது டிரைவர் எட்டிப்பாத்து, "என்னண்ணே, மூச்சு வாங்குதா?"ன்னான். சர்வீஸ்ல "நார்மல் சார்"னு ஒரே வார்த்தை. அந்த நார்மல்தான் இன்னும் உறுத்துது.

பழைய_ஆட்டோமேட்டிக்:
அதே ரோடு, டார்க் கன்வெர்ட்டர், 11 வருஷ வண்டி. ஒண்ணும் ஆகல. ஊர்ந்து போகும்போது நடுவுல எண்ணெய்தான் சுத்துது, தேயறதுக்குத் தட்டு எங்க? ஆனா ஒருதடவை மரக்காணம் பக்கம் லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சேன், வண்டி யோசிச்சுட்டுத்தான் கிளம்புச்சு. எதிர்ல கார். அந்த ரெண்டு செகண்ட் மறக்காது. சிட்டில மைலேஜ் 9, கேக்காதீங்க.

கிளட்ச்_வாத்தியார்:
வளைவு ப்ரோ, நேராக் கேக்கறேன். ஏத்தத்துல பிரேக்கைப் புடிச்சீங்களா, ஆக்சிலேட்டர்லயே தாங்கினீங்களா? ரெண்டாவதுன்னா தப்பு வண்டி மேல இல்ல. ஒத்தைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொண்ணு. ஊர்ந்து போகும்போது பாதி ஒட்டி பாதி வழுக்கிக்கிட்டே இருக்கும், சூடு அங்கதான். உலர் வகைக்குக் காத்து மட்டும்தான் கதி. 2003ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 கார்ல வந்த டிசிடி எண்ணெய்ல முங்கின கிளட்ச், அது இவ்வளவு சீக்கிரம் சூடேறாது. அதனால, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, ஒரேடியா நகருங்க. மேனுவல் மோடுல 1லயே வெச்சுக்கோங்க, 1-2ன்னு தாவாது. சிக்னல்ல நியூட்ரல் போடுங்க. எனக்கு ஊட்டில ஒருதடவை லேசா நாத்தம் வந்துச்சு, அவ்வளவுதான்.

சும்மா_படிக்கிறவன்:
நியூட்ரல் எதுக்கு சார்? பிரேக்கை மிதிச்சு நின்னாலே டிசிடி கிளட்ச்சைப் பிரிச்சிடும். தேவையில்லாம லீவரை ஆட்டச் சொல்லாதீங்க.

கிளட்ச்_வாத்தியார்:
நீங்க ஓட்டுறது ஏஎம்டி, மேனுவல் கியரை மெஷினே மாத்துற வகை. அது ஒத்தக் கிளட்ச், வேற சமாச்சாரம்.

சும்மா_படிக்கிறவன்:
என்கிட்ட இருக்கறது டிசிடிதான், 4 வருஷமா. ஆர்சி போட்டோ போடவா?

இடதுகால்:
மேனுவல் ஆளு நான். கத்திப்பாரால மழையில ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டக் காலைத் தூக்கினா முழங்கால் மடங்கல, படியிலயே உக்காந்துட்டேன். எங்க கிளட்ச்சும் கருகும் சாமி, ஆனா கால் முன்னாடியே சொல்லிடும்.

வளைவு_34:
வாத்தியாரே, ஆமா, ஆக்சிலேட்டர்லதான் தாங்கினேன். 15 வருஷம் மேனுவல்ல பாதி கிளட்ச்சுல நின்னு பழகின கால். டெலிவரி அன்னிக்கு புளூடூத் எப்படி இணைக்கணும்னு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாங்க, இதை ஒருத்தரும் சொல்லல.