பழைய ட்யூப் ஆம்ப்: ஹம் + பாதியில சவுண்ட் இறங்குது, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

தூத்துக்குடி_டெலி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷ ஆசை, போன மாசம்தான் ஒரு யூஸ்டு ட்யூப் காம்போ (கிடார் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில) கைக்கு வந்துச்சு. 15 வாட், பவர்ல ரெண்டு இஎல்84 ட்யூப், முன்னாடி மூணு 12ஏஎக்ஸ்7 ட்யூப், 12 இஞ்ச் ஸ்பீக்கர், பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப் (பெடல் சொருக சென்ட், ரிட்டர்ன் ஜாக்). வித்த அண்ணன் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தது, அதனால 120 வோல்ட், கூடவே நம்ம கரண்ட 120க்கு இறக்குற ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரும் குடுத்தார். இத்தனை வருஷமா சர்ச்ல நேரா மிக்ஸர்ல சொருகி வாசிச்சவனுக்கு முதல் கார்ட் அடிச்சதும் கண்ணு கலங்கிருச்சு.

ஆனா ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, ஆன் பண்ணதுல இருந்தே ஒரு ஹம், வால்யூம் ஜீரோ வச்சாலும் அப்படியே இருக்கு. ரெண்டாவது, ஒரு 20 நிமிஷம் வாசிச்சா சவுண்ட் திடீர்னு பாதியா இறங்கிடும், மேல ஒரு தட்டு தட்டினா திரும்பி வரும். அஞ்சு ட்யூபும் புதுசா மாத்திரு, சரியாயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான். ஆர்டர் போட்ரலாமா?

ஆறுகம்பி

ப்ரோ ஆர்டர் போடாதீங்க, முதல்ல எங்க கோளாறுன்னு கண்டுபிடிப்போம். நிறைய பேர் ஒரு செட் ட்யூப் காச வீணாக்கி கடைசியில ஹம் அப்படியேதான் இருக்கும்.

ஹம்மை காதுலயே பிரிக்கலாம். கிடார்ல 6வது கம்பி 3வது ஃப்ரெட், அந்த ஜி வந்து 98 ஹெர்ட்ஸ். ஹம் கிட்டத்தட்ட அதே சுருதியில இருந்தா அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஏசிய டிசி ஆக்குற ரெக்டிஃபையர் தாண்டி வர்ற ரிப்பிள், அத வடிகட்டுற ஃபில்டர் கெப்பாசிட்டர் மேலதான் முதல் சந்தேகம். அதுக்கும் ஒரு ஆக்டேவ் கீழ கேட்டா 50 ஹெர்ட்ஸ், ட்யூப சூடாக்குற ஹீட்டரோட வயரிங் இல்லன்னா எர்த் பக்கம் பாக்கணும்.

அப்புறம் ஆஃப் பண்ணி ஆற விட்டு, இன்புட் ஜாக் பக்கத்துல இருக்குற முதல் 12ஏஎக்ஸ்7 கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஹம் போச்சுன்னா கோளாறு அந்த ஸ்டேஜ்ல. போகலன்னா அடுத்தது, கடைசியா இஎல்84க்கு பக்கத்துல இருக்குற ஃபேஸ் இன்வெர்ட்டர், அதாவது சிக்னல ரெண்டா பிரிச்சு ரெண்டு பவர் ட்யூபுக்கும் அனுப்புற 12ஏஎக்ஸ்7. மூணையும் எடுத்த பிறகும் ஹம் இருந்தா பெரும்பாலும் பவர் ட்யூப் இல்லன்னா பவர் சப்ளைதான். எப்பவும் ஸ்பீக்கர் கனெக்ட் ஆகியே இருக்கணும், லோடு இல்லாம ஓட்டினா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

சவுண்ட் இறங்குறதுக்கு, ஒரு நல்ல பேட்ச் கேபிள எடுத்து எஃபெக்ட்ஸ் லூப் சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு போட்டு அரை மணி நேரம் வாசிச்சு பாருங்க. பல ஆம்ப்ல சிக்னல் அந்த ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள இருக்குற சின்ன ஸ்விட்ச் காண்டாக்ட் வழியாத்தான் போகும், வருஷக்கணக்கா எதுவும் சொருகாம விட்டா அது கறுத்துப் போயிடும். தட்டினா திரும்பி வருதுன்னு நீங்க சொன்னதும் எனக்கு அதுதான் தோணுச்சு.

வால்வுரேடியோ_மதுரை

தம்பி, எங்க அப்பா ரேடியோ மெக்கானிக், நானும் அந்தக் கடையிலதான் வேலை கத்துக்கிட்டேன். ட்யூப நாங்க வால்வுன்னு சொல்லுவோம், இந்த இஎல்84 நம்ம வீட்டு வால்வு ரேடியோவுல சவுண்ட் குடுத்த அதே வால்வு, பெங்களூர் பிஇஎல்லே (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) செஞ்சுது ஒரு காலத்துல.

மேல சொன்ன தம்பி சரியா சொல்லியிருக்கார், நான் ரெண்டு விஷயம் சேக்கிறேன். ஒண்ணு, ரெண்டு பவர் வால்வும் சமமா கரண்ட் இழுக்கலன்னாலும் இந்த 100 ஹெர்ட்ஸ் ஹம் வரும், ரெண்டு வால்வும் எதிரெதிரா வேலை செய்ற புஷ் புல்லுல அந்த ஹம்ம ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிக்கணும்ல. அதனால யார்கிட்டயாவது மேட்ச் பண்ண ஜோடி கடன் வாங்கி போட்டுப் பாத்துட்டு அப்புறம் கெப்பாசிட்டருக்கு போ. வால்வுக்குள்ள தகடு செவசெவன்னு பழுத்துச்சுன்னா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிடு.

ரெண்டாவது முக்கியம். ப்ளக்க புடுங்கின பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். ஆளைக் கொல்லும்பா, இது கிடார் பெடல் இல்ல. ரெசிஸ்டர் வச்சு இறக்கி, மீட்டர்ல பாத்து, அப்புறம்தான் கை வைக்கணும், பழக்கம் இல்லன்னா நல்ல மெக்கானிக்க பக்கத்துல உக்கார வச்சுக்கோ. கெப்பாசிட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், பழசுல போட்டிருக்குற வோல்டேஜுக்கு குறையாம வாங்கு, பிளஸ் மைனஸ் மாறக்கூடாது.

அந்த ஸ்டெப் டவுனையும் பாரு. ராத்திரியில நம்ம ஊர்ல கரண்ட் 250 வோல்ட் வரைக்கும் ஏறும், 230க்கு 120 குடுக்குறதா இருந்தா அப்போ ஆம்புக்கு 130 போகும், ஹீட்டர் 6.3 வோல்ட் இருக்க வேண்டியது 6.8 ஆகும். எர்த் பின் உள்ள நேரா போகுதான்னும் செக் பண்ணு, சிலதுல எர்த்தே இருக்காது.

தூத்துக்குடி_டெலி

அண்ணா, ப்ரோ, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ரெண்டு வாரம் ஆச்சு, நடந்தத எழுதிடறேன்.

லூப்ல பேட்ச் கேபிள் போட்டதும் சவுண்ட் இறங்குறது நின்னுபோச்சு. காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு ப்ளக்க இருபது தடவ சொருகி எடுத்தேன், இப்ப கேபிள் இல்லாமலே நிக்குது. ஹம் அந்த ஜி நோட்டோட ஒட்டி நின்னுச்சு. மூணு 12ஏஎக்ஸ்7 கழட்டியும் போகல, கடன் வாங்கின இஎல்84 ஜோடி போட்டும் போகல. இங்க பழைய டிவி மெக்கானிக் ஒரு அண்ணாச்சி இருக்கார், அவர் பக்கத்துல நின்னு பாக்க, ஃபில்டர் கெப்பாசிட்டர் மொத்தமும் மாத்தினோம். பழசுல ஒண்ணு அடியில புடைச்சு இருந்துச்சு. இப்ப ஹம் ஸ்பீக்கர்ல காது வச்சாத்தான் கேக்குது!

பயாஸும், அதாவது வாசிக்காம சும்மா இருக்குறப்போ பவர் ட்யூப் இழுக்குற கரண்டும் பாத்தோம். ரெண்டு இஎல்84க்கும் பொதுவான கேத்தோட் ரெசிஸ்டர் 130 ஓம், அதுல 10.4 வோல்ட், அப்போ ட்யூபுக்கு 40 மில்லி ஆம்ப். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 290 வோல்ட், ஸ்க்ரீன் கரண்டையும் சேத்தே 11.6 வாட், இஎல்84 லிமிட் 12. ஸ்டெப் டவுன்ல எர்த் இல்ல, வேற வாங்கிட்டேன்.

இப்ப டோன் தான். பேஸ், மிட், ட்ரெபிள் மூணும் 5ல வச்சா ரூம்ல குமுகுமுன்னு இருக்கு, என் டெலி (டெலிகாஸ்டர் கிடார்) கம்பி சத்தமே தனியா வரல.

ஆறுகம்பி

ப்ரோ சூப்பர், அந்த அண்ணாச்சிய விட்றாதீங்க!

5ல வச்சா ஃப்ளாட்னு நினைக்காதீங்க. ஃபெண்டர் மாதிரி டோன் சர்க்யூட்ல எல்லாம் பாதியில வச்சா மிட் நல்லா பள்ளமாத்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஃப்ளாட் வேணும்னா பேஸ், ட்ரெபிள் 0, மிட் 10. மூணு நாப்பும் ஒண்ணுக்கொண்ணு பிடிச்சு இழுக்கும், ட்ரெபிள ஏத்த ஏத்த மத்த ரெண்டுக்கும் வேலை கம்மியாகும். அதனால ட்ரெபிள முதல்ல 4ல நிறுத்திட்டு, மிட் 7, பேஸ் 2ல இருந்து மெதுவா ஏத்துங்க.

அதுக்கும் முன்னாடி ஆம்ப தரையில இருந்து தூக்குங்க. டைல்ஸ் தரையில சுவரோரமா வச்சா பேஸ் குமுறத்தான் செய்யும். ஒரு ஸ்டூல் மேல, சுவத்த விட்டு ரெண்டடி தள்ளி வச்சு, ஸ்பீக்கர் காதுக்கு நேரா வர்ற மாதிரி உக்காந்து கேட்டுட்டே நாப்ப திருப்புங்க, கால் பக்கம் அடிக்கிற சத்தத்த வச்சு ட்ரெபிள் ஏத்தினா முன் வரிசையில இருக்குறவங்களுக்கு காது கிழியும். வால்யூம், பலமா அடிச்சா லேசா உடையுற இடத்துல நிறுத்திட்டு கிடார் வால்யூம 6க்கு இறக்குங்க, க்ளீன் அங்கேயே கிடைக்கும். அப்பவும் சீக்கிரம் உடையுதுன்னா முதல் 12ஏஎக்ஸ்7 இடத்துல ஒரு 5751 ட்யூப் போட்டுப் பாருங்க, கெயின் 100க்கு பதிலா 70.

தூத்துக்குடி_டெலி

ஸ்டூல் மேல வச்சாச்சு, பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 4. இப்ப ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது ப்ரோ. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு தூக்கிட்டு போறேன்.