1957 ஃபோர்டு ப்ரோமோ மாடல் கூரை வளைகிறது: நிமிர்த்த முடியுமா?

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சிமாரே, ஏ.எம்.டி. (AMT) என்ற அமெரிக்க மாடல் நிறுவனம் தயாரித்த 1/25 அளவு ஃபோர்டு ஃபேர்லேன் கார். டீலர்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்த ப்ரோமோ மாடல். பானட்டும் கூரையும் வளைந்து, நடுப்பகுதி தூக்கி நிற்கிறது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாமா?

பதில் 1: வெந்நீர் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து ப்ரோமோக்கள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். அதை இளக்கமாக வைக்கச் சேர்த்த இளக்கிப் பொருள் மெல்ல வெளியேறுவதால் பாடி சுருங்குகிறது. அடித்தட்டு சுருங்காது, திருகு இழுத்துப் பிடிக்கும், அதனால் வளைகிறது. சூடு காட்டினால் இன்னும் கோணும். திருகுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். நிஜ வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 118 அங்குலம்; 25ஆல் வகுத்தால் மாடலில் சுமார் 12 செ.மீ. சக்கர வளைவுகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். போன அளவு திரும்பாது, இனிப் போகாமல் காக்கலாம்.

பதில் 2: அண்ணாச்சி சொன்னது சரி. நம்மூர் வெயிலுக்கு, தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) நேர் கீழுள்ள அறையில் வைக்கவே கூடாது. கீழ்த்தளம், உள்சுவர் அலமாரி, வெயில் படாத இடம். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றாட வேண்டும். வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது, உடனே மற்ற மாடல்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

துடைக்க மென்தூரிகை போதும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாடியே கரையும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் பம்பரின் குரோம் பூச்சை உரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்: 1960களின் ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக் மாடல்களுக்கும் இதே பாடுதானா?

பதில் 1: அவை இப்படி வளையாது. ஆனால் மென்மையான வினைல் டயர் பட்ட இடத்தில் ஸ்டைரீன் உருகிக் குழி விழும். டயருக்கும் பாடிக்கும் நடுவே அமிலமற்ற காகிதம் வையுங்கள்.