விளைந்த கிழங்கு சகோதரி வீட்டுக்கு ஏன் போகிறது?

கேள்வி: பாப்புவா நியூ கினியின் டிரோபிரியாண்ட் தீவுகளில் ஓர் ஆண் பாடுபட்டு விளைவிக்கும் பெருவள்ளிக்கிழங்கில் பெரும்பகுதி அவனுடைய சகோதரியின் வீட்டுக்குப் போகிறது என்று மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். கூலி இல்லை, விற்பனையும் இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு உழைப்பு?

பதில் 1: பேருக்காகத்தான். அறுவடையானதும் கிழங்கைத் தோட்டத்திலேயே கூம்பாகக் குவிப்பார்கள், ஊரே வந்து பார்த்துப் பேசும், பிறகுதான் சுமந்துபோவார்கள். தாய்வழி மரபு என்பதால் சகோதரியின் பிள்ளைகள்தான் வாரிசுகள், அந்தக் கடமையும் உண்டு.

பதில் 2: பெண்களின் வேலையை விட்டுவிட்டீர்களே! மாலினோவ்ஸ்கியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. பெண்கள் வாழையிலையைச் சுரண்டி, காயவைத்து, கட்டுகளாகக் கட்டுகிறார்கள். சாவுச் சடங்கில் இறந்தவரின் தாய்வழிப் பெண்கள் அவற்றைக் குவியல் குவியலாகப் பங்கிடுகிறார்கள். அதுவும் செல்வம்தான் என்று 1970களில் ஆனெட் வைனர் என்ற மானுடவியலாளர் அங்கே போய் ஆராய்ந்து காட்டினார்.

கேட்டவர்: சரி, அந்தக் கட்டுக்கும் கிழங்குக்கும் தொடர்பு உண்டா?

பதில் 2: உண்டு. மைத்துனனிடமிருந்து கிழங்கு வாங்கும் கணவன், சடங்கு வரும்போது தன் பொருளைக் கொடுத்தாவது மனைவிக்குக் கட்டுகள் சேர்த்துத் தர வேண்டும்.