ஹட்டனில் கரண்ட் ஓவன்: மேலே கறுக்கிறது, நடு குழிகிறது

கேள்வி – ஹட்டன்காரி

மேசையில் வைக்கிற 35 லீட்டர் ஓவன். மேலேயும் கீழேயும் கொயில், ஃபேன் கிடையாது. கொழும்புச் சித்தி எழுதித் தந்த பட்டர் கேக் அளவில்தான் செய்கிறேன்: 180 டிகிரி, 45 நிமிடம். சித்தி வீட்டில் மெத்தென்று வருகிறது. இங்கே அரை மணி நேரத்திலேயே மேல்பக்கம் கறுத்து வெடிக்கிறது. ஆறவிட்டால் நடு குழிந்துவிடும், வெட்டிப் பார்த்தால் அந்த இடம் களி. வேலை விட்டு வந்து ராத்திரி 7 மணிக்குத்தான் கேக் அடிக்க முடியும். ஓவன் பழுதா? வாங்கின கடைக்கே தூக்கிக்கொண்டு போகவா?

பதுளைப் பையன்

நடு குழிகிறது என்றால் பேக்கிங் பவுடர் பழசாக இருக்கும் அக்கா. இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டுப் பாருங்கள்.

நுவரெலியா கேக் அக்கா

தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதே தங்கச்சி, இன்னும் மோசமாகக் குழியும். ஓவனையும் தூக்க வேண்டாம். நான் ஓடருக்குக் கேக் செய்கிறவள். என்னிடம் இருப்பதும் இந்த மாதிரி ஃபேன் இல்லாத ஓவன்தான்.

சித்தி கடல் மட்டத்தில் இருக்கிறார். நீ இருப்பது கிட்டத்தட்ட 1270 மீட்டரில், நான் 1868 மீட்டரில். கொழும்பில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் உனக்கு 96க்குக் கிட்டவே கொதித்துவிடும், எனக்கு 94. காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயுவும் இங்கே அதிகமாக விரியும். கேக் அவசரமாக எழும்பும். தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு மா இன்னும் இறுகியிருக்காது, அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கேட்கும் இடத்தில் முக்கால் போடு. ஒரு கப் சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி குறை. ஈரம் சீக்கிரம் போய்விடும், ஆகவே பால் இரண்டு மேசைக்கரண்டி கூட. உயரமான இடத்தில் சூட்டை 10 டிகிரி கூட்டு என்றும் சொல்வார்கள். பெரிய ஓவனுக்கு அது சரி. நமக்குக் கொயில் கேக்கின் தலைக்கு மேலேயே நிற்கிறது, நான் கூட்டமாட்டேன்.

மேலே கறுப்பதற்குக் காரணம் வேறு. கொயில் எரியும்போது எரிகிற சிவப்பு லைட் முதல் தடவை அணைந்ததுமே கேக்கை உள்ளே வைத்துவிடுகிறாய் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் குளிர்தான். கதவைத் திறந்ததும் அந்தச் சூடும் போய்விடும். விட்டதைப் பிடிக்கக் கொயில் விடாமல் எரியும். அந்த எரிச்சல் நேரே கேக்கின் மேல்தான் விழும், நடு பச்சையாகவே இருக்கும். லைட் இரண்டு மூன்று தடவை அணைந்து எரியட்டும், 20 நிமிடமாவது ஆகும். கேக் தட்டைக் கீழ் ரேக்கில் வை, கேக்கின் மேல்பக்கம் ஓவனின் நடுவுக்கு வரவேண்டும். நிறம் வந்ததும் மேலே ஃபொயில் பேப்பரை லேசாகப் போர்த்திவிடு.

திருகியில் இருக்கும் எண்ணை நம்பாதே. கேக் சாமான் கடையில் ஓவனுக்குள் தொங்கவிடுகிற தெர்மோமீட்டர் கிடைக்கும். என் ஓவனில் 180ல் திருப்பினால் உள்ளே 160ஐத் தாண்டாது, 200ல் வைத்தால்தான் எனக்கு 180. எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று பார்க்க பாண் போதும். துண்டுகளை ரேக் முழுக்கப் பரப்பி வைத்தால் தெரிந்துவிடும். எனக்கு வலது பக்கப் பின்மூலைத் துண்டு கறுக்கும்போது முன்னால் இருப்பது இன்னும் வெள்ளையாகவே இருக்கும். அதனால் கேக்கின் மேல் இறுகிய பிறகு தட்டை ஒரு தடவை திருப்பி வைப்பேன். அதற்கு முன் கதவைத் தொடவே மாட்டேன், வீட்டில் யார் வந்து எட்டிப் பார்க்கக் கேட்டாலும் சரி.

அப்புறம் இந்தக் குளிர். பட்டர் கல்லாக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் சீனியோடு சேராது. முட்டையும் சில்லென்று விழுந்தால் கலவை திரிந்துவிடும். முட்டையைக் கோதுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வை. பட்டரை அடுப்புப் பக்கத்தில் வை, உருகவிடாதே.

பண்டாரவளை வயர்மேன்

ராத்திரி 7 மணி என்றீர்களே, அதையும் பாருங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லா வீட்டிலும் கரண்ட் இழுக்கிற நேரம். லைன் கடைசியில் இருக்கிற வீடு என்றால் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் 200 ஆனால் சூடு முக்கால் பங்குதான், 1500 வொட் ஓவன் 1130 வொட் அளவுக்கே வேலை செய்யும். சூடேற நேரம் எடுக்கும், கதவைத் திறந்தால் மீண்டு வரவும் நேரம் எடுக்கும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பகலில் செய்து பாருங்கள்.

இன்னொன்று, பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் பொயின்டில் இதைச் சொருகக்கூடாது. 1500 வொட் என்றாலே 6.5 அம்பியர். 13 அம்பியர் பொயின்டில் நேரடியாகக் கொடுங்கள். மல்டி பிளக்கில் கேத்தலையும் சேர்த்துப் போட்டால் பிளக் உருகும். தோட்டத்து லயத்து வீடுகளில் உருகிப்போன பிளக்கை நிறையக் கழற்றியிருக்கிறேன்.

ஹட்டன்காரி

அண்ணன், மல்டி பிளக்கில்தான் இருந்தது, இப்போதே கழற்றிவிட்டேன். அக்கா, லைட் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஞாயிறு பகல் செய்து பார்க்கிறேன். நத்தாருக்கு லவ் கேக்கும் ஆசை, அதற்கும் இதே கணக்கா?

நுவரெலியா கேக் அக்கா

இல்லை. நான் செய்கிற லவ் கேக்கில் பேக்கிங் பவுடரே இல்லை. ரவை, கஜு, முட்டை மஞ்சள், சீனி, பூசணி தோசி (சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டு), அவ்வளவுதான், எழும்பி விழ அதில் ஒன்றுமில்லை. தெர்மோமீட்டர் 150 காட்டட்டும், நிதானமாக வேகட்டும். தட்டின் அடியிலும் பக்கத்திலும் நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாள் வைத்து, அதற்கு மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர் போடு, இல்லையென்றால் ஓரம் காய்ந்துவிடும். ஈர்க்கு குத்திப் பார்த்துச் சுத்தமாக வரும்வரை மட்டும் காத்திருக்காதே. மேலே நல்ல பழுப்பு வந்து, ஈர்க்கில் கொஞ்சம் ஒட்டும்போதே எடுத்துவிடு, மிச்சம் ஆறும்போது இறுகும்.